மூட்டை சுமந்து சிகரம் தொட்ட டென்சிங்



நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருத்தர் ஏதாவது எழுதித் தரணும்னு போன மாசக் கூட்டத்தில் முடிவாச்சு. எங்க குழுவில் பத்தாவது வரைக்கும் படிச்சவங்க நானும் இன்னொரு அக்காவும்தான். அந்த அக்கா ஏற்கெனவே கணக்கு நோட்டு எழுதுறாங்க. அதனால இந்த வேலை என் தலையில் விழுந்தது. நல்ல மனுஷர் யாராவது ஒருத்தருடைய வாழ்க்கையை எழுதுங்கன்னு ஊக்குநர் சொன்னாங்க. காந்தி, காமராஜர், அன்னை தெரசா பற்றியெல்லாம் மற்ற குழுக்காரங்க எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியும். நான் டென்சிங் நார்கே பற்றி எழுதுறேன். எவரெஸ்ட் சிகரத்தில் முதன்முதலா கால் வைத்த இரண்டு பேரில் ஒருத்தர். பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்வியாகப் படிச்சிருப்போம். அதுக்கு மேல நமக்கு அவரைத் தெரியாது. எனக்கும் போன வருஷம் வரைக்கும் தெரியாது.

இவரை ஏன் எழுதுறேன்னு முதல்ல சொல்லிடறேன். எங்க வீட்டுக்காரர் ஷெட் வேலை செய்பவர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் புதுக் கம்பெனி கட்டும்போது மேலே இரும்புச் சட்டம் ஏற்றி, அதுக்கு மேல கூரை ஷீட் போடுவாங்க இல்லையா, அந்த வேலை. நாற்பது அடி உயரம் இருக்கும். எல்லாம் காண்டிராக்ட் வேலைதான். இரண்டு வருஷத்துக்கு முன்னாடி கூட வேலை செஞ்ச ஒரு பையன் மேலேர்ந்து விழுந்துட்டான். உயிர் பிழைச்சுது, ஆனா இடுப்பு போச்சு. இன்னிக்கும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறான். அன்னிலேர்ந்து எங்க வீட்டில் ஒரே சண்டை. கூலி கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்லை, பேக்கிங் வேலைக்குப் போங்கன்னு நான் சொல்வேன். அவர் மாட்டேன்னுவார். ஒரு நாள் ரொம்பக் கேட்டப்போ, தனக்கு மேலே நிற்கிறது பிடிச்சிருக்குன்னு சொன்னார். ஆரம்பாக்கம் பக்கம் வேலை செஞ்சப்போ காலையில் கிழக்கே பழவேற்காடு ஏரித் தண்ணி மின்னுறதைப் பார்த்தாராம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் போறதைக்கூட ஒரு தடவை ஷெட் மேலேர்ந்து பார்த்தாராம். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாச்சு. வயித்துக்காக உயிரைப் பணயம் வைக்கிறார்னா புரியும். பிடிச்சிருக்குன்னு ஒருத்தர் உயிரைப் பணயம் வைப்பாரா? வீட்டில் இரண்டு பிள்ளைங்க இருக்குன்னு நினைப்பு வராதா? ஒரு வாரம் அவரோட நான் சரியாவே பேசலை.

அந்தச் சமயத்தில்தான் என் பெரிய பொண்ணுக்குப் பள்ளியில் பேச்சுப்போட்டி வந்தது. எட்டாவது படிக்கிறா. அவளுக்குக் கொடுத்த தலைப்பு டென்சிங். நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்தா. ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்சதும் நான் சத்தமா வாசிப்பேன், அவ குறிப்பு எழுதிக்குவா. வீட்டுக்காரர் ஒண்ணும் பேசாமப் பாயில் படுத்துக்கிட்டே கேட்பார். அப்படித்தான் டென்சிங் எங்க வீட்டுக்குள்ள வந்தார்.

டென்சிங் பிறந்தது 1914-ம் வருஷம். எந்தத் தேதின்னு அவருக்கே தெரியாது. நம்ம மாமியார் காலத்து ஆளுங்க மாதிரிதான், யாரும் எழுதி வைக்கலை. மே மாசக் கடைசின்னு மட்டும் கணக்கு. இமயமலையில் நேபாளத்துக்கும் திபெத்துக்கும் நடுவில் வாழ்கிற ஷெர்பா இனத்தைச் சேர்ந்தவர். அப்பா யாக் மேய்ப்பவர். யாக்னா உடம்பெல்லாம் சடை முடி தொங்குகிற மலை மாடு. வீட்டில் பதின்மூணு பிள்ளைகள், இவர் பதினோராவது. அதில் நிறைய பிள்ளைகள் சின்ன வயசிலேயே தவறிப்போச்சு. அப்பா அம்மா வைத்த பேர் நம்கியால் வாங்டி. பிறகு ஒரு லாமா, அதாவது அவங்க மதத்துப் பெரியவர், பேரை மாற்றச் சொல்லி டென்சிங் நார்கே ஆனார். மதத்தைப் பின்பற்றுகிற, செல்வமும் அதிர்ஷ்டமும் உள்ளவன்னு அந்தப் பேருக்கு அர்த்தமாம். அப்போ அந்த வீட்டில் செல்வமும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை.

யாக் மேய்க்கப் போகிற இடத்திலிருந்தே எவரெஸ்ட் தெரியும். அவங்க பாஷையில் அதுக்குச் சோமோலுங்மா என்று பேர். பறவைகூடத் தாண்டிப் பறக்க முடியாத உயரம்னு அவருடைய அம்மா சொல்லித்தான் அந்த மலையை அவருக்குத் தெரியும். தெய்வம் குடியிருக்கிற இடம்னு அந்த ஊர் ஜனங்க மேலே ஏற மாட்டாங்க. வெள்ளைக்காரர்கள் வந்து ஏறப் பார்த்தப்போதான் ஷெர்பாக்கள் கூலிக்கு மூட்டை தூக்கிக்கிட்டுக் கூடப் போனாங்க. 1922-ம் வருஷம் பனிச்சரிவில் சிக்கி ஏழு சுமைத் தொழிலாளிகள் ஒரே நாளில் செத்தாங்க. 1924-ல் மல்லோரி, இர்வின் என்று இரண்டு இங்கிலீஷ்காரர்கள் மேலே போய்த் திரும்பவே இல்லை. இப்படிப்பட்ட மலையைத்தான் அந்தப் பையன் மாடு மேய்க்கும்போது தினமும் பார்த்துக்கிட்டு இருந்தான்.

இந்த இடத்தில் நமக்குப் பக்கத்துச் சேதி ஒண்ணு. அந்தச் சிகரத்தின் உயரத்தை முதல்ல கண்டுபிடிச்சது ஒரு பெரிய நில அளவை வேலையால். அந்த வேலை 1802-ல் ஆரம்பிச்சது நம்ம சென்னை பரங்கிமலைப் பக்கத்தில். அங்கேர்ந்து அளந்துகிட்டே வடக்கே போய் இமயமலை வரைக்கும் போனாங்க. வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார் என்பவர் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் உலகத்திலேயே உயரமானது இதுன்னு தெரிஞ்சுது. 8,848 மீட்டர். கிட்டத்தட்ட ஒன்பது கிலோமீட்டர். அந்தத் தூரத்தை அப்படியே செங்குத்தா நிறுத்திப் பாருங்கன்னு என் பொண்ணு சொன்னா. அந்த உச்சியில் நாம இங்கே மூச்சு விடும்போது கிடைக்கிற ஆக்சிஜனில் மூணில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

டென்சிங்குக்குப் பதின்மூணு வயசிருக்கும்போது வீட்டில் சொல்லாமக் காட்மாண்டுவுக்கு ஓடிப்போனார். பிறகு திரும்பி வந்தார். 1932-ல், பதினெட்டு வயசில், மறுபடியும் கிளம்பி டார்ஜிலிங் போய்ச் சேர்ந்தார். அது நம்ம நாட்டில் மேற்கு வங்காளத்தில் இருக்கிற மலை ஊர். மலையேறுகிற வெள்ளைக்காரர்கள் ஆள் எடுக்கிறது அங்கேதான். நம்ம பக்கம் காலையில் ஏஜெண்டு ஆள் பொறுக்குகிற மாதிரியேதான் அதுவும். 1933-ல் எவரெஸ்ட் போகிற குழுவில் சேர வரிசையில் நின்னார், எடுக்கலை. முன்னாடி வேலை செஞ்சதுக்குச் சர்டிபிகேட் கேட்டால் புது ஆள் எங்கே போவான்? 1935-ல் எரிக் ஷிப்டன் என்பவர் ஆள் எடுத்தார். கடைசி நேரத்தில் இன்னும் இரண்டு பேர் தேவைப்பட்டது. டென்சிங்கிடம் சர்டிபிகேட் இல்லை. அவர் சிரிச்ச சிரிப்பைப் பார்த்து ஷிப்டன் எடுத்துக்கிட்டாராம். அப்போ டென்சிங்குக்குக் கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாள்தான். மனைவி பேர் தவா புட்டி.

அதுக்கப்புறம் 1936-லும் 1938-லும் எவரெஸ்டுக்கு மூட்டை தூக்கப் போனார். 1938-ல் ரொம்ப உயரத்தில் இருக்கிற ஆறாவது முகாம் வரைக்கும் சுமை கொண்டு போனதால் டைகர் என்கிற பதக்கம் கிடைச்சுது. ஆனா வீட்டில் கஷ்டம் விடலை. 1939-ல் நாலு வயசு மகன் இறந்துட்டான். உலகப் போர் வந்து மலையேற ஆளுங்க வருவது நின்னுபோச்சு. பிழைப்புக்காகச் சித்ரால் என்கிற ஊருக்குப் போய், இப்போ அது பாகிஸ்தானில் இருக்கு, ஒரு ராணுவ அதிகாரியிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே 1944-ல் தவா புட்டி இறந்துட்டாங்க. பெம் பெம், நிமா என்று இரண்டு சின்னப் பெண் குழந்தைகளை வைத்துக்கிட்டுத் தனி ஆளா நின்னார். இந்த இடத்தை வாசிக்கும்போது எங்க வீட்டில் யாரும் பேசலை.

1945-ல் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு டார்ஜிலிங் திரும்பி வந்து ஆங் லாமு என்கிற பெண்ணைக் கட்டினார். இந்த அம்மாவைப் பற்றி நான் கொஞ்சம் கூடுதலாச் சொல்லப் போறேன். பள்ளிப் புத்தகத்தில் இவங்க பேர் வராது. இவங்களுக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. அந்த இரண்டு பொண்ணுங்களையும் தன் பிள்ளையா வளர்த்தாங்க. போர் முடிஞ்ச பிறகும் இரண்டு மூணு வருஷம் டென்சிங்குக்குச் சரியான வேலை கிடைக்கலை. இந்த அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் ஆயா வேலை பார்த்துக் குடும்பத்தை ஓட்டினாங்க. துங் சுங் பஸ்தி என்கிற இடத்தில் ஏழை ஷெர்பாக்கள் குடியிருப்பில்தான் வீடு. நம்மில் எத்தனை பேர் வீட்டுக்காரருக்கு வேலையில்லாத மாசத்தில் குழுக் கடன் எடுத்துக் குடும்பத்தை ஓட்டியிருக்கோம். அந்த அம்மாவுக்குக் குழுவும் இல்லை, கடனும் இல்லை. தன் இரண்டு கைதான்.

இவ்வளவு கஷ்டத்திலும் மலைன்னு யாராவது கூப்பிட்டா டென்சிங் கிளம்பிடுவார். 1947-ல் டென்மன் என்கிற ஒருத்தர் அனுமதிகூட இல்லாம, பணமும் அதிகம் இல்லாம, எவரெஸ்ட் ஏறப் போறேன்னு வந்தார். நடக்காத காரியம்னு டென்சிங்குக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் போனார். பாதியில் திரும்பி வந்தாங்க. 1951-ல் நந்தாதேவி மலைக்குப் பிரெஞ்சுக்காரர்களோட போனார். அங்கே இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் மேலே போய்க் காணாமப் போயிட்டாங்க. அவங்களைத் தேடி டென்சிங்கும் இன்னொருத்தரும் நந்தாதேவி கிழக்குச் சிகரத்தின் உச்சி வரைக்கும் ஏறினாங்க. போனவங்க கிடைக்கலை. எவரெஸ்டைவிட அதுதான் தனக்குக் கஷ்டமான ஏற்றமா இருந்ததுன்னு பின்னாடி சொல்லியிருக்கார்.

1952-ல் சுவிட்சர்லாந்துக்காரர்கள் வந்தாங்க. அவங்க டென்சிங்கை வெறும் கூலி ஆளா நடத்தலை. குழுவில் சமமான ஒருத்தரா வைத்துக்கிட்டாங்க. ரேமண்ட் லாம்பர்ட் என்பவரும் டென்சிங்கும் ஒரே கயிற்றில் கட்டிக்கிட்டு ஏறினாங்க. ஒருத்தர் பாஷை இன்னொருத்தருக்குச் சரியாத் தெரியாது. ஒரு ராத்திரி ரொம்ப உயரத்தில் சின்னக் கூடாரத்தில் தங்க வேண்டியதாப் போச்சு. படுக்கப் பை இல்லை, அடுப்பு இல்லை. மெழுகுவர்த்திச் சுடரில் கொஞ்சம் பனியை உருக்கி நாக்கை நனைச்சுக்கிட்டாங்க. தூங்கினால் உறைஞ்சு செத்துப்போவோம்னு ஒருத்தரை ஒருத்தர் தட்டி எழுப்பிக்கிட்டே விடிய வைச்சாங்க. மறுநாள் சுமார் 8,600 மீட்டர் வரைக்கும் போனாங்க. அதுவரைக்கும் யாரும் அவ்வளவு உயரம் போய்வந்ததாத் தெரியாது. அதுக்கு மேல போனால் திரும்ப முடியாதுன்னு தெரிஞ்சு இறங்கினாங்க. அதே வருஷம் மழைக்காலம் முடிஞ்சதும் மறுபடியும் போனாங்க. அந்தத் தடவை பனிக்கட்டி விழுந்து மிங்மா தோர்ஜே என்கிற ஷெர்பா இறந்தார். குளிர் தாங்காமல் எல்லாரும் திரும்பினாங்க. டென்சிங் மலேரியா வந்து, உடம்பு இளைச்சு, பாட்னாவில் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

1953-ல் இங்கிலீஷ்காரர்கள் கூப்பிட்டாங்க. ஆங் லாமு அம்மா போகவே கூடாதுன்னு நின்னாங்க. உடம்பு இன்னும் தேறலை, ஒரே வருஷத்தில் இரண்டு தடவை போயாச்சு, போதும்னு சண்டை போட்டாங்க. டென்சிங் கேட்கலை. வீட்டில் கிடந்து சாகிறதைவிட மலையில் போறது மேல் என்கிற மாதிரி அவர் பதில் சொன்னாராம். இதை வாசிச்சப்போ நான் புத்தகத்தை மூடிட்டு வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார். என் பொண்ணுக்குச் சிரிப்பு அடங்கலை. கடைசியில் ஆங் லாமு அம்மாதான் விட்டுக்கொடுத்தாங்க. சின்னப் பொண்ணு நிமா தன் பென்சிலை, ஒரு பக்கம் சிவப்பு ஒரு பக்கம் நீலம் எழுதுகிற துண்டுப் பென்சிலை, அப்பா கையில் கொடுத்து மேலே வைத்துட்டு வரச் சொன்னா.

அந்தக் குழுவுக்கு ஜான் ஹண்ட் தலைவர். சாமான் சுமக்க மட்டும் 350 பேருக்கு மேல். டென்சிங் ஷெர்பாக்களுக்கெல்லாம் சர்தார், நம்ம பாஷையில் மேஸ்திரி. காட்மாண்டு போனதும் ஒரு பிரச்சினை. வெள்ளைக்காரர்களுக்குத் தூதரகத்தில் ரூம், ஷெர்பாக்களுக்குக் கார் நிறுத்துகிற ஷெட். ஷெர்பாக்கள் கோபப்பட்டாங்க. அவங்களைச் சமாதானம் பண்ணுவதும், அவங்க பக்கம் நின்னு மேலே பேசுவதும் டென்சிங் வேலை. மேஸ்திரி பொண்டாட்டிங்க யாராவது இதைப் படிச்சா அந்தக் கஷ்டம் அவங்களுக்குத் தெரியும்.

மலையில் எட்மண்ட் ஹிலாரியோடு ஜோடி சேர்ந்தார். ஹிலாரி நியூசிலாந்துக்காரர், ஊரில் தேனீ வளர்க்கிற குடும்பம். ஒரு நாள் ஹிலாரி பனிப் பிளவில் விழுந்துட்டார். பனிப் பிளவுன்னா கிணறு மாதிரி, ஆழம் தெரியாது. டென்சிங் உடனே பனிக்கோடரியை ஊன்றிக் கயிற்றை இறுக்கிப் பிடிச்சு அவரைக் காப்பாற்றினார். அதுக்கப்புறம் ஹிலாரி தன் கயிற்றுக்கு வேற ஆளைத் தேடலை.

மே 26-ம் தேதி முதல் ஜோடியாப் போன இரண்டு இங்கிலீஷ்காரர்கள் உச்சிக்குச் சுமார் நூறு மீட்டர் கீழே வரைக்கும் போய், மூச்சும் ஆக்சிஜனும் பத்தாமல் திரும்பிட்டாங்க. அடுத்தது ஹிலாரியும் டென்சிங்கும். 28-ம் தேதி ராத்திரி கடைசிக் கூடாரத்தில் தங்கினாங்க. ஹிலாரி பூட்ஸைக் கழற்றி வைத்தார், காலையில் அது கல்லா உறைஞ்சு கிடந்தது. அடுப்பில் காட்டி இளக்கவே இரண்டு மணி நேரம் ஆச்சு. டென்சிங் பூட்ஸோடவே படுத்திருந்தார். காலையில் ஆறரை மணிக்குக் கிளம்பினாங்க. உச்சிக்குப் பக்கத்தில் ஒரு செங்குத்துப் பாறை, சுமார் நாற்பது அடி. எங்க வீட்டுக்காரர் ஏறுகிற ஷெட் உயரம்தான். ஆனா அந்த உயரத்தில், அந்தக் குளிரில், அந்த மூச்சுத் திணறலில். ஹிலாரி பனிக்கும் பாறைக்கும் நடுவில் இடுக்கில் நுழைஞ்சு ஏறி, பிறகு கயிற்றைப் பிடிச்சு டென்சிங்கை ஏற்றினார்.

1953 மே 29, காலை பதினொன்றரை மணிக்கு உச்சி. டென்சிங்குக்கு அது எவரெஸ்டுக்கு ஏழாவது பயணம். கழுத்தில் லாம்பர்ட் கொடுத்த சிவப்புத் துணி. போன வருஷம் கூட ஏறின நண்பனை விட்டுட்டு வரலை. கோடரியில் ஐக்கிய நாடுகள், இங்கிலாந்து, நேபாளம், இந்தியாக் கொடிகள். இந்தியக் கொடி டார்ஜிலிங் நண்பர் ஒருத்தர் கொடுத்தனுப்பினது. பனியில் சின்னக் குழி பறிச்சு மிட்டாயும் பிஸ்கட்டும் சாமிக்குப் படைச்சார். கூடவே நிமாவோட பென்சிலையும் வைத்தார். கால் மணி நேரம்தான் இருந்தாங்க. உச்சியில் எடுத்த போட்டோவில் டென்சிங் மட்டும்தான் இருப்பார். எடுத்தவர் ஹிலாரி.

இறங்கி வந்ததும் புதுச் சண்டை. முதல்ல கால் வைத்தது யார்? நம்ம ஆளா, வெள்ளைக்காரரா? ஊர் ஊராக் கேட்டாங்க. ஒரே கயிற்றில் கட்டிக்கிட்டு ஏறினவங்க நாங்க, இதில் முதல் என்ன இரண்டாவது என்ன என்றுதான் இரண்டு பேரும் நினைச்சாங்க. பிறகு தன் வாழ்க்கைக் கதையில் டென்சிங்கே ஹிலாரிதான் ஓரடி முன்னாடி என்று உண்மையைச் சொல்லிட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர். ஏழெட்டு பாஷை பேசுவார், கையெழுத்து மட்டும் போடப் பழகியிருந்தார். கதையை அவர் சொல்ல ஒரு எழுத்தாளர் எழுதிக்கிட்டார்.

ஆங் லாமு அம்மாவும் இரண்டு பொண்ணுங்களும் அந்த வருஷமே டென்சிங்கோட லண்டன் போனாங்க. ஆயா வேலை செஞ்ச அம்மா விருந்தாளியாப் போனதை வாசிச்சப்போ எனக்கு ரொம்ப சந்தோஷம். 1954-ல் டார்ஜிலிங்கில் இமயமலை மலையேற்றப் பயிற்சி நிலையம் ஆரம்பிச்சாங்க. நேரு அதில் ரொம்ப அக்கறை எடுத்தார். அங்கே பயிற்சி இயக்குநரா டென்சிங் பல வருஷம் இருந்தார். 1959-ல் பத்மபூஷண் விருது கிடைச்சுது. அதே 1959-ல் பெண்கள் மட்டுமே ஏறப் போகிறதுன்னு ஒரு குழு சோ ஓயு என்கிற மலைக்குப் போனது. அதில் டென்சிங் பொண்ணுங்க பெம் பெம்மும் நிமாவும் போனாங்க. அந்தக் குழுத் தலைவி குளோட் கோகனும் இன்னும் மூணு பேரும் பனிச்சரிவில் இறந்தாங்க. இந்தப் பொண்ணுங்க பத்திரமாத் திரும்பினாங்க. பென்சில் கொடுத்தனுப்பின அதே நிமாதான்.

ஆங் லாமு 1964-ல் இறந்தாங்க. டென்சிங் 1986 மே 9-ம் தேதி டார்ஜிலிங்கில் காலமானார். அவர் இன்னொரு மனைவி டக்கு மூலம் பிறந்த மகன் ஜம்லிங் 1996-ல் எவரெஸ்ட் ஏறினார். ஆனா பிள்ளைகள் மலைக்குப் போறதில் டென்சிங்குக்கு விருப்பம் இல்லைன்னு அந்த மகனே எழுதியிருக்கார். பிள்ளைகள் மூட்டை தூக்கக் கூடாதுன்னுதான் தான் ஏறினேன், நீங்க படிங்கன்னு நல்ல பள்ளியில் சேர்த்தாராம்.

இதை வாசிச்சு முடிச்சப்போதான் என் கேள்விக்குக் கொஞ்சம் பதில் கிடைச்ச மாதிரி இருந்தது. பிடிச்சிருக்குன்னு ஒருத்தர் உயிரைப் பணயம் வைப்பாரான்னு கேட்டேன் இல்லையா. வைப்பார் போல. டென்சிங் கூலிக்காக மட்டும் போனவர் இல்லை, ஆசைக்காக மட்டும் போனவரும் இல்லை. இரண்டும் ஒண்ணாக் கலந்து கிடந்தது. மாடு மேய்க்கும்போது பார்த்த மலை அவர் மனசை விட்டுப் போகவே இல்லை. மற்றவங்க மூட்டையைத் தூக்கிக்கிட்டுப் போனால்தான் அந்த மலைக்குப் பக்கத்தில் போக முடியும், அதனால தூக்கினார். எங்க வீட்டுக்காரருக்கும் அந்த நாற்பது அடிக்கு மேலதான், கீழே இருக்கிற மேனேஜரைவிடத் தான் உயரம்னு ஒரு நினைப்பு இருக்குமோ என்னமோ. நாள் பூரா யாரோ ஒருத்தர் சொன்னதைக் கேட்கிற மனுஷனுக்கு அப்படி ஒரு இடம் வேண்டியிருக்கு. நமக்கும்தான். முதல் தடவை பேங்குக்குத் தனியாப் போய்க் கையெழுத்துப் போட்ட அன்னிக்கு எனக்கு நடுங்கிச்சு, ஆனா திரும்பி வரும்போது நடையே வேற மாதிரி இருந்தது. அது சின்ன விஷயம்தான், உயிர் போகிற விஷயம் இல்லை. இருந்தாலும் அந்த ருசி எனக்கும் தெரியும்.

ஆனா இன்னொண்ணும் புரிஞ்சுது. டென்சிங் உயிரோட திரும்பினதுக்குக் காரணம் தைரியம் மட்டும் இல்லை. எல்லாரும் இன்னும் கொஞ்சம்தான்னு நினைக்கிற இடத்தில் அவர் லாம்பர்ட்டோட திரும்பி இறங்கினார். கயிறு கட்டாமல் ஒரு அடி வைக்கலை. பூட்ஸைக் கழற்றாமல் படுத்தார். பயம் இல்லாதவர்னு சொல்ல முடியாது, பயத்தை மதிக்கத் தெரிஞ்சவர். கூட வந்த எத்தனையோ பேர் திரும்பலை. அவங்க வீட்டில் காத்திருந்த பொம்பளைங்க பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இன்னிக்கும் அப்படித்தான். 2014-ம் வருஷம் ஏப்ரல் மாசம் எவரெஸ்டில் பனி சரிஞ்சு பதினாறு பேர் செத்தாங்க, எல்லாரும் மற்றவங்களுக்காக வேலை செய்யப் போனவங்க. ஏறுகிறவருடைய ஆசைக்கு வீட்டில் இருக்கிறவங்களும் சேர்த்துத்தான் பணயம் வைக்கிறாங்க. அதனால அதில் நமக்கும் பேச உரிமை இருக்கு.

நான் பேசினேன். வேலையை விடுங்கன்னு இந்தத் தடவை சொல்லலை. இடுப்பு பெல்ட் மாட்டி, கொக்கியை மேலே கம்பியில் போடாமல் ஏறக் கூடாது, பெல்ட் கொடுக்காத இடத்தில் அன்னிக்குக் கூலி போனாலும் ஏறாமல் திரும்பி வரணும்னு சொன்னேன். லாம்பர்ட்டும் டென்சிங்கும் திரும்பலையான்னு என் பொண்ணு கேட்டா. அவர் உடனே சரின்னு சொல்லலை. இரண்டு நாள் கழிச்சுச் சொன்னார். போன பொங்கலுக்கு முன்னாடி ஒரு இடத்தில் பெல்ட் இல்லைன்னு நிஜமாவே திரும்பி வந்தார். அன்னிக்குக் கூலி இல்லை. சாயந்திரம் நான் மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன்.

இன்னொண்ணு, எங்க குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். பேங்கில் பிரதமரின் விபத்துக் காப்பீடு இருக்கு. வருஷத்துக்கு 20 ரூபாய்தான். விபத்தில் உயிர் போனால் 2 லட்சம் குடும்பத்துக்குக் கிடைக்கும். பதினெட்டிலிருந்து எழுபது வயசு வரைக்கும் சேரலாம். மே மாசக் கடைசியில் கணக்கிலிருந்து பிடிப்பாங்க, அப்போ கணக்கில் பணம் இருக்கணும். எங்க குழுவில் பன்னிரண்டு வீட்டிலும் வேலைக்குப் போகிற எல்லாரையும் சேர்த்தாச்சு. உங்க குழுவிலும் யார் யார் விட்டுப்போயிருக்காங்கன்னு அடுத்த கூட்டத்தில் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. கம்பெனி வேலை, கடல் வேலை, ஷெட் வேலை, லாரி வேலைன்னு நம்ம பக்கம் ஒவ்வொரு வீட்டிலும் தினமும் யாராவது மலை ஏறிக்கிட்டுத்தான் இருக்காங்க.

என் பொண்ணுக்குப் பேச்சுப்போட்டியில் இரண்டாம் பரிசு. 1984-ல் இந்தியப் பெண்களில் முதல்ல எவரெஸ்ட் ஏறின பச்சேந்திரி பால் பற்றியும், 2023-ல் ஏறின நம்ம விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி பற்றியும் கடைசியில் சேர்த்துப் பேசினா. முத்தமிழ்ச்செல்வி இரண்டு பிள்ளைக்குத் தாய் என்று சொன்னதும் டீச்சருங்க எல்லாம் கை தட்டினாங்களாம். வீட்டுக்கு வந்து தானும் ஒரு நாள் டார்ஜிலிங் போய்ப் பயிற்சி எடுக்கப் போறேன்னு சொல்றா. எனக்கு வயித்தில் புளியைக் கரைச்சுது. ஆனா முடியாதுன்னு சொல்ல வாய் வரலை. முதல்ல பத்தாவது முடின்னு சொல்லி வைச்சிருக்கேன்.